ஆப்பத்தில் விழுந்த ஓட்டை

எங்கள் வேலாம்பொட்டல் மேல்நிலைத் தொட்டியில் இன்றைக்கு ஏறுகிற தண்ணீர் நாற்பது அடி ஆழத்திலிருந்து வருகிறது. அதில் பால் ஊற்றிக் காப்பி போடலாம், திரியாது. இதில் என்ன பெருமை என்று ஆற்றோரத்து ஊர்க்காரர்கள் கேட்கலாம். ஏர்வாடிக்கு வடக்கே ஆறு கிலோமீட்டரில், உப்புக் காற்று உதட்டில் படிகிற இந்தப் பொட்டலில் ஒரு மாதம் இருந்துவிட்டு அப்புறம் கேட்கட்டும். இந்தத் தண்ணீர் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவள் ஜோதிகா என்ற இருபத்தேழு வயதுப் பெண். அதைக் காட்டவிடாமல் செய்யப் பார்த்தவன் நான். பெயர் பொன்னுச்சாமி, வயது ஐம்பத்தைந்து, மூன்று ஏக்கர் மிளகாய்க் கொல்லையும் ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பும் உண்டு. யாரோ சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை.

போன தை மாதம் கிராம சபையில் எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் சோலையம்மாள் எழுந்து நின்றார். ஒலிபெருக்கி தேவைப்படாத குரல் அவருக்கு.

"ஊருக்கு ஒரு போர் பாஸாயிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். உப்பு வந்துச்சுன்னா அம்புட்டுத்தான், இன்னொண்ணு குடுங்கன்னு யார்ட்டயும் போயி நிக்க முடியாது. எங்கன போடணும்னு பாத்துச் சொல்ல ஒரு பொண்ணு வருது. கேட்டா உள்ளதைச் சொல்லுங்க."

கடைசி வாக்கியத்தை அவர் குறிப்பாக யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. இருந்தாலும் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் தரையைப் பார்த்தோம்.

காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் போர் போட்டு நல்ல தண்ணீர் வந்துவிட்டால் உடனே மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு "உப்பு" என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மறுவாரமே பக்கத்துக் கொல்லையில் போர் போடுகிற ரிக் வண்டி வந்து நிற்கும். உப்பு வந்தவன் கதை வேறு. அவன் வீட்டில் கல்யாண வயதில் பையன் இருந்தால் "பன்னீர் மாதிரித் தண்ணி" என்பான். பெண் கொடுக்க வருகிறவர்கள் எங்கள் ஊருக்குள் நுழைந்ததும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்ப்பார்கள், மாப்பிள்ளை முகத்தைப் பிறகுதான் பார்ப்பார்கள். கல்யாணம் முடிந்த மூன்றாம் மாதம் அந்தப் பன்னீர் உப்பாகிவிடும். இதெல்லாம் ஊரில் எல்லாருக்கும் தெரியும், யாரும் யாரையும் கேட்பதில்லை.

ஜோதிகா ஸ்கூட்டியில் வந்தாள். சாயம் போன தொப்பி, தோளில் ஒரு கனத்த பை. அபிராமத்துப் பெண் என்றதும் நான் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன்.

"அபிராமத்துல எந்தத் தெரும்மா நீ?"

எதற்குக் கேட்டேன் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"கடைசித் தெரு ஐயா. எங்கப்பா ஊரான் கொல்லையில கூலிக்குப் போறவரு. உங்க போர் எத்தனை அடி?"

என் கேள்விக்குப் பதில் சொல்லி அதே மூச்சில் என்னைக் கேள்வி கேட்டவர்கள் அதுவரை அதிகமில்லை. கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னேன்.

"எம்பது அடி. சுத்த உப்பு. தென்னைக்குத்தான் ஆகும்."

தென்னை உப்பைத் தாங்கும் என்பது எனக்கு வாய்த்த நல்ல சாக்கு. உண்மை என்னவென்றால் தோப்புப் போர் நாற்பத்தெட்டு அடி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏர்வாடி காஜா நவாஸ் வண்டியில் வந்து போட்டார். மண்ணோடு கலங்கி வந்த முதல் தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் விட்டுப் பார்த்தேன். இளநீரில் தண்ணீர் விட்ட மாதிரி இருந்தது. நவாஸ் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். "அமானிதம் அண்ணே" என்றார். ஒப்படைத்த பொருளைக் காப்பது போலக் காப்பேன் என்று அர்த்தம். காத்தார்.

எனக்கு ஆசை மட்டுமல்ல, பயமும் இருந்தது. மேற்கே என்னைப் பெற்ற அய்யாவின் கிணறு ஒன்று இருந்தது. ஊரே வந்து இறைத்துக்கொண்டு போன நல்ல தண்ணீர்க் கிணறு. தொண்ணூற்றொன்பதாம் வருஷம் சுற்றி நாலு பேர் போர் போட்டார்கள். முதல் ஆள் பங்காளி வீட்டுக்காரர், இப்போது அந்த வீட்டில் இருக்கிற யோகேஸ்வரனின் அப்பா. இரண்டே வருஷத்தில் கிணறு உப்பாகிவிட்டது. அய்யா இறைக்கிற வாளியைக் கிணற்றுக்குள்ளேயே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார், அதன்பின் மேற்கே போகவே இல்லை. பங்காளி வீட்டோடு பேச்சு அன்றைக்கு நின்றது. யோகேஸ்வரன் வீட்டுக்கு வாழ வந்த பானுப்பிரியா இத்தனை வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, நானும் பேசியதில்லை. தோப்புப் போரும் அந்த வழியில் போய்விடக் கூடாது என்பதுதான் என் கவலை. அதற்காக என் வீட்டையே ஒரு நாடகக் கொட்டகை ஆக்கி வைத்திருந்தேன்.

எங்கள் தெருக்களில் வீட்டுக்கு வீடு தண்ணி வண்டி உண்டு. நாலு சக்கரம், கம்பிச் சட்டம், எட்டுக் குடம் நிற்கும். பெண்கள் அதைத் தள்ளிக்கொண்டு கீழ்க்கோடியில் இருக்கிற பஞ்சாயத்துக் குழாய்க்குப் போவார்கள். அதில் வருவதும் உப்புக் கரிக்கிற சவர்தான், மற்றதைவிடக் கொஞ்சம் குறைந்த சவர். என் மனைவி ராக்குவும் தினம் போவாள். போகாவிட்டால் உங்கள் வீட்டில் குடிக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார்களே. நானோ தோப்புக்குப் போய்விட்டு வரும்போது டிவிஎஸ்ஸில் இரண்டு கேன் நல்ல தண்ணீரைத் தென்னமட்டைக்கு அடியில் மறைத்துக் கொண்டுவருவேன், நாங்கள் இருவரும் குடிக்க மட்டும். விருந்தாளி வந்தால் குழாய்த் தண்ணீரில் கடுங்காப்பிதான். அதில் பால் ஊற்றினால் பாதி நாள் திரிந்துவிடும். இந்த ஏற்பாட்டை யோசித்து வைத்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

ஜோதிகா முதல் வாரம் வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டாள். எட்டாம் நாள் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துத் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். என்னம்மா என்று கேட்டேன்.

"ஐயா, உங்க ஊர்ல கல்யாணமாகாத பையன் இருக்கிற வீட்டுக்கு அடியில எல்லாம் நல்ல தண்ணி ஓடுது. பொண்ணு மட்டும் இருக்கிற வீட்டுல உப்பு. எங்க படிப்புல இதைச் சொல்லிக் குடுக்கல."

சொல்லிவிட்டு அந்த ஒரு வார வேலையை மொத்தமாக அழித்தாள். கோபப்படவில்லை, யாரிடமும் முறையிடவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டிக் கத்தியிருப்பேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு டேப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். இனி யாரையும் கேட்பதாக இல்லை, தண்ணீரையே கேட்கப் போகிறேன் என்றாள்.

அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஒளித்து வைத்திருக்கிறவனுக்குத் தேடுகிறவன் பின்னாலேயே போகத் தோன்றும் போலிருக்கிறது. போர்க் குழாய்க்குள் டேப்பை இறக்குவாள். நுனி தண்ணீரைத் தொட்டதும் பீப் என்று சத்தம் வரும். வந்த அளவை அப்படியே எழுத மாட்டாள். எங்கள் பக்கம் மணல் பறந்து மூடும் என்பதால் குழாயைத் தரைக்கு மேலே ஒன்றரை அடி, இரண்டு அடி, சில இடத்தில் மூன்று அடிகூடத் தூக்கி விட்டிருப்போம். அந்த உயரத்தை ஒவ்வொரு இடத்திலும் அளந்து கழித்தாள். அப்புறம் அந்தத் தரையே கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று ஒரு கம்பத்துக் கருவியை நிறுத்திப் பார்த்தாள். அதன்பின் ஒரு பாட்டில் தண்ணீர், அதில் உப்பு மீட்டர். ஒரு போருக்கு முக்கால் மணி நேரம். மாசி வெயில். ஒரு இடத்தில் குழாய் மூடியைத் திறந்ததும் குளவி கொட்டிக் கை வீங்கிவிட்டது. இடது கையால் எழுதினாள்.

காஜா நவாஸ் தன் பழைய நோட்டைக் கொடுத்தார். எந்தப் போரில் எத்தனை அடிக்கு மணல், எத்தனை அடிக்குக் களிமண் என்று வரிசையாக எழுதி வைத்திருந்த நோட்டு. அதில் ஒரு தாள் மட்டும் கிழிக்கப்பட்டிருந்தது. ஜோதிகா அதைத் தடவிப் பார்த்தாள். "அதைக் கேக்காதீங்கம்மா" என்றார் நவாஸ். அவள் கேட்கவில்லை.

முப்பத்தேழு போர் முடிந்து கடைசியாக என் வீட்டுக்கு வந்தாள். மோட்டார் அடைத்துக்கொண்டிருக்கிறது, டேப் போகாது என்று சொல்லி, தெருமுனை அடிபம்பில் பிடித்து வைத்திருந்த பாட்டிலைத் தோப்புத் தண்ணீர் என்று கொடுத்தேன். வாங்கிப் பெயர் எழுதி வைத்துக்கொண்டாள். ராக்கு காப்பி கொண்டுவந்து வைத்தாள். பார்த்தால் பால் காப்பி, நுரை தளும்பி நின்றது. கேன் தண்ணீரில் போட்டிருக்கிறாளே, மறந்துவிட்டாளா என்று அவளை முறைத்தேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை. ஜோதிகா நிதானமாகக் குடித்து முடித்து, நல்லா இருந்துச்சு அக்கா என்று சொல்லிவிட்டுப் போனாள். தப்பித்தோம் என்று மூச்சு விட்டேன்.

ஐந்து நாள் கழித்து ஆபீசுக்குக் கூப்பிட்டாள். மத்தியானம், மேலே மின்விசிறி கடகடத்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். திரையில் முப்பத்தெட்டு குச்சிகள் தொங்கிக்கொண்டிருந்தன.

"ஒவ்வொரு குச்சியும் ஒரு போர் ஐயா. நீளந்தான் ஆழம். மஞ்சள் மணல், காவி களிமண்ணு."

"குச்சிக்கு நடுவுல எல்லாம் வெறுமையா இருக்கே."

"அங்கன என்ன இருக்குன்னு யாரும் பாத்ததில்ல. கிட்ட இருக்கிற குச்சி சொல்றதை அதிகமாக் கேட்டு, தூரத்துக் குச்சி சொல்றதைக் கொஞ்சமாக் கேட்டு நிரப்பிக்கிட்டே போகணும். பாருங்க."

ஏதோ ஒரு பொத்தானைத் தட்டினாள். மேலே எங்கள் ஊர்த் தரை விரிந்தது. மேடு, பள்ளம், கண்மாய், தெரு எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே நீலமாக ஒன்று பரவியது. அதற்கும் கீழே சிவப்பு. விரலால் தள்ளினாள், ஊர் சுழன்றது. இன்னும் தள்ளினாள், நான் என் ஊரை அடியிலிருந்து பார்த்தேன். ஐம்பத்தைந்து வருஷம் நான் நடந்த மண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று, டேப்பும் பாட்டிலும் வைத்துக்கொண்டு இந்தப் பெண் சொல்கிறாள். எனக்குப் புல்லரித்துவிட்டது. சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டேன்.

"நீலம் நல்ல தண்ணி. மழை மணல்ல இறங்கி, உப்புத் தண்ணி மேல மிதந்துக்கிட்டிருக்கு. ஆப்பம் மாதிரிதான் இருக்கும். நடுவுல தடிமன், ஓரத்துல மெலிசு. உங்க ஊரு ஆப்பத்துல ஒரே ஒரு கோளாறு."

நீலத்தின் நட்டநடுவில் சிவப்பு ஒரு முளைபோல ஏறி நின்றது.

"ஓட்டை விழுந்திருக்கு. அது உங்க தோப்பு."

எனக்குக் கோபம் வந்தது. மாட்டிக்கொள்ளும்போது எனக்கு முதலில் வருவது அதுதான்.

"பெட்டிக்கு என்னம்மா தெரியும், பூமி அது பாட்டுக்கு இருக்கும்."

"இருக்கலாம் ஐயா. அங்கன மட்டும் ஒரு களித்திட்டு உப்பைப் பிடிச்சு வச்சிருக்கலாம்."

"அப்ப அந்த ஒண்ணை விட்டுட்டுப் பாரு."

"விட முடியாது. எனக்குப் பிடிக்கலைன்னு ஒரு நம்பரைத் தள்ளுனா, மிச்ச முப்பத்தேழையும் பிடிச்சதுனால வச்சிருக்கேன்னு ஆயிரும். நீங்க குடுத்தது இருக்கிற வரைக்கும் தோப்புப் பக்கம் போர் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த இடம் கீழக் கண்மாய்க் கரை. வர்ற வெள்ளிக்கிழமை ரிக் வருது."

கண்மாய்க் கரையில் நீலம் எவ்வளவு என்று பார்த்தேன். விரலால் மறைத்துவிடலாம்.

"அது எம்புட்டு நாள் நிக்கும்?"

"ஊரு குடிக்கிற அளவு எடுத்தா ரெண்டு கோடை. அப்புறம் உப்பு ஏறிரும்."

ஊருக்குக் கிடைத்த ஒரே போர், என் அடிபம்புப் பாட்டிலால் இரண்டு கோடையில் போகப் போகிறது. என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று, என் பக்கத்து நியாயத்தைப் பொதுவாகச் சொல்லுகிற மாதிரி சொன்னேன். பக்கத்தில் போர் போட்டால் நல்ல தண்ணீர் கெட்டுப்போகும், எங்கள் அய்யா கிணறு அப்படித்தான் போனது, சுற்றி நாலு பேர் உறிஞ்சியே கொன்றார்கள் என்றேன். அவள் பேனாவை எடுத்தாள்.

"அந்தக் கிணறு எங்கன இருந்துச்சு? சுத்தி எத்தனை போர், எந்தெந்த வருஷம்?"

சொன்னேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். நாளைக்கு வாங்க என்றாள்.

மறுநாள் போனபோது திரையில் மேற்குக் கொல்லை இருந்தது. கிணறும் போர்களும் நின்றன. நவாஸ் நோட்டிலிருந்து ஆழம் எடுத்திருந்தாள். வருஷங்களை ஓட்டினாள். தொண்ணூற்றெட்டில் சிவப்பு கீழே படுத்திருந்தது. தொண்ணூற்றொன்பதில் நாலு போர் வந்தது, நீலம் கொஞ்சம் இறங்கியது, சிவப்பு அசையவில்லை. இரண்டாயிரத்தில் ஐந்தாவது குச்சி ஒன்று கிணற்றுக்கு ஒட்டி இறங்கியது, மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம். அதன் நுனியைத் தேடிச் சிவப்பு எழுந்தது. முதலில் மேடு மாதிரி, அப்புறம் கூம்பு மாதிரி ஏறி, இரண்டாயிரத்தொன்றில் கிணற்றின் அடியைத் தொட்டது.

"நாலு போரும் நாப்பது, நாப்பத்தஞ்சு அடிதான் ஐயா. அதுங்களால தண்ணி மட்டம் இறங்கியிருக்கும், உப்பு வந்திருக்காது. உப்பை மேல இழுத்தது இந்தத் தொண்ணூறு அடிதான். நடந்தது இதுதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இப்படித்தான் நடந்திருக்கணும்னு கணக்குச் சொல்லுது. இது யாரு போர்? நோட்டுல பேரில்ல."

அது யாருடையது என்று எனக்குத் தெரியும். கிணற்றில் மட்டம் இறங்குகிறதே என்று அய்யா கவலைப்பட்டபோது, நாமும் போடுவோம், அவனுகளைவிட ஆழமாப் போடுவோம் என்று துள்ளியவன் நான். அப்போது எனக்கு முப்பது வயது. அய்யா வேண்டாம் என்றார். நான்தான் வண்டியைக் கூட்டிவந்தேன். இருபத்துநாலு வருஷமாக யோகேஸ்வரன் வீட்டு வாசலைத் தாண்டும்போது காறித் துப்பிக்கொண்டு போனவனும் நான்தான். கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் முன்னால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அவள் ஆறுதல் சொல்லவில்லை. கேள்வியை மறுபடி கேட்கவும் இல்லை. பேனா மூடியைக் கழற்றி நோட்டைப் பிரித்தாள்.

"எங்க போர்தான்" என்றேன். "இன்னொண்ணும் சொல்லணும். தோப்புப் போர் எம்பது அடி இல்ல, நாப்பத்தெட்டு. நல்ல தண்ணி. நான் குடுத்தது அடிபம்புத் தண்ணி. நீங்க வந்து அளந்துக்கங்க."

அவளை 'நீங்க' என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

தோப்பில் மோட்டார்க் குழாய்க்குப் பக்கத்து அடைப்பைக் கழற்றினேன். டேப் எந்தத் தடையுமில்லாமல் இறங்கிப் பதினோரு அடியில் பீப் என்றது. மீட்டரை நனைத்தாள். எண்ணைப் பார்த்துவிட்டு ஒரு கை அள்ளிக் குடித்தாள். அப்புறம் வரப்பிலேயே உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து பழைய எண்ணை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டாள். ஒரு நிமிஷம் ஆனது. திரையில் அந்தச் சிவப்பு முளை கீழே இறங்கி மறைந்தது, நீலம் மேலே சேர்ந்துகொண்டது. முழு ஆப்பம்.

அங்கேயே இன்னொரு கணக்கும் ஓட்டிக் காட்டினாள். தோப்பை ஒட்டிய புறம்போக்கில் ஊர்ப் போர். நாற்பது அடிக்கு மேல் போகக் கூடாது. காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம், சின்ன மோட்டார். அப்படிப் பத்து வருஷம் ஓட்டினாலும் சிவப்பு கிடந்த இடத்தில் கிடந்தது.

"உங்களுதுல கீழ எட்டடி களி போட்டு அடைக்கணும் ஐயா. அந்த எட்டடிதான் ஆபத்து. ரெண்டு போரும் ஒண்ணை ஒண்ணு கெடுக்காது."

சரி என்றேன். பிறகு மனசு கேட்காமல், நான் பொய் சொன்னது எப்போது தெரிந்தது என்று கேட்டேன்.

"ஓட்டையைப் பாத்ததும் சந்தேகம் வந்துச்சு. கிழிச்ச தாளையும் பாத்தேன். ஆனா அதுக்கு முந்தியே தெரியும். முப்பத்தெட்டு வீட்டுல காப்பி குடிச்சேன். முப்பத்தேழு வீட்டுல கடுங்காப்பி."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"காப்பியை வச்சுக் கையெழுத்துப் போட முடியாதுல்ல."

வீட்டுக்கு வந்ததும் ராக்குவைப் பிடித்துக்கொண்டேன். உன்னால்தான் எல்லாம் வெளியே வந்தது, பால் காப்பியை வைத்து என் மானத்தை வாங்கிவிட்டாய் என்று, பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொன்னேன். அவள் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"மறந்து வச்சேன்னா நெனச்சீங்க?"

நான் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்தேன்.

"அந்தப் பிள்ளை கை வீங்கிப்போயி, வெயில்ல ஊரு பூராம் அளந்துட்டு வருது. அதுகிட்டயும் நாடகமான்னு இருந்துச்சு. வாயைத் திறந்து சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்தவளா ஆயிருவேன். அதான் காப்பியாக் குடுத்தேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"பதினோரு வருஷம் சொன்னேன். நீங்க கேட்டது தென்னைக்கு எம்புட்டுத் தண்ணி பாஞ்சுச்சுன்னு மட்டுந்தான்." காம்புகளை முறத்தில் தட்டினாள். "நாளைக்குத் தண்ணி வண்டியை நீங்க தள்ளிட்டுப் போங்க. சோலையம்மா அங்கனதான் நிக்கும். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு வாங்க."

மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வண்டியை நான் தள்ளினேன். எங்கள் ஊரில் ஆண்பிள்ளை தண்ணி வண்டி தள்ளினால் நாய்கூடத் திரும்பிப் பார்க்கும். முன்சக்கரம் ஒன்று கிறீச்சிட்டு இடது பக்கமே இழுத்தது. எண்ணெய் போட்டுத் தரச் சொல்லி ராக்கு எத்தனை தடவை கேட்டாள் என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. போகும்போது காலிக் குடம், அதற்கே மணலில் சக்கரம் புதைந்து தோள் இற்றுவிட்டது. திரும்பும்போது எட்டும் நிறைந்திருக்கும். வீட்டிலிருந்து குழாய் வரை ஒரு கிலோமீட்டர். அந்தத் தூரம் எனக்கு முன்னமே தெரியும், டிவிஎஸ்ஸில் போய் வந்த தூரம்.

வரிசையில் இருபது வண்டி நின்றது. என்னைக் கண்டதும் பேச்சு நின்றது. சோலையம்மாள் தன் குடத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு, ராக்குவுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல. ஒரு சங்கதி சொல்லணும்." வண்டிக் கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தேன். "நம்ம தோப்புப் போர் உப்பு இல்ல. நல்ல தண்ணி. பதினோரு வருஷமா நல்ல தண்ணிதான். பொய் சொல்லிட்டேன். ஊர்ப் போரைத் தோப்பை ஒட்டிப் போடச் சொல்லி அந்தப் பிள்ளை எழுதுது. கண்மாய்க் கரையில வேண்டாம்."

சோலையம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தார். ரிக் வண்டிக்காரனுக்கு இன்றைக்கே போன் போடுகிறேன், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இதையே இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. திட்டுவார்கள் என்று நினைத்து வந்தவனுக்கு அப்பாடா என்று இருந்தது. வரிசை நகர நகர வண்டியைத் தள்ளிக்கொண்டு குழாயடிக்கு வந்தேன்.

எனக்குப் பின்னால் நின்றது யோகேஸ்வரன் வீட்டு வண்டி. பானுப்பிரியா கம்பியைப் பிடித்தபடி என் வண்டியில் இருந்த எட்டுக் குடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என்னிடம் பேசாதவள் பேசினாள். குத்திக்காட்டிக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டாள்.

"அப்ப ராக்கு அக்கா எதுக்குத் தெனம் வந்துச்சு?"

நான் குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்தேன். அது நிறைந்ததும் தூக்கி வண்டியில் ஏற்றினேன், இன்னும் ஏழு குடம் இருந்தது.